கன்டோனிய வீட்டுச் சமையலின் சிக்கனச் சொற்கள்: ஸுங், குக், ஜா... தமிழில் எப்படிப் போடுவது?

துணையுரை_மேசை கேட்டது:

ஹாங்காங் வீட்டுச் சமையல் காணொளிகளுக்குத் தமிழில் துணையுரை எழுதும் வேலை. பேசுபவர்கள் வயதான அம்மாக்கள், கன்டோனியம் மட்டும்தான். விருந்துச் சமையல் எதுவும் கிடையாது. கருவாடு, முட்டை, எலும்பு, உப்பிட்ட கீரை, மிஞ்சிய சோறு, அவ்வளவே. கூட வரும் ஆங்கில உரையில் எல்லாம் 'டிஷ்', 'ஸ்டீம்', 'சூப்' என்று தேய்ந்து கிடக்கிறது. மாட்டிக்கொண்ட இடங்களைக் கேட்டுவிடுகிறேன்.

'ஸுங்' என்ற சொல் நிமிடத்துக்கு ஒருமுறை வருகிறது. குழம்பா, கூட்டா, கறியா? 'ஹான்' என்றால் சிக்கனம் என்கிறது அகராதி. ஓரிடத்தில் 'கூ ஹோன்' என்று யாரையோ திட்டுகிறார்கள், அதுவும் சிக்கனம்தானா? சோறு வேகும் பானைக்குள்ளேயே தட்டை வைத்து மூடுகிறார்கள், பிறகு 'குக்' என்கிறார்கள். எந்தக் கட்டத்தில் வைக்கிறார்கள் என்பது படத்தில் தெரியவில்லை. சூப்புக்கு மூன்று வினைச்சொல் வருகிறது, மூன்றுக்கும் 'கொதிக்கவை' என்று போடலாமா? 'ஸேய் லொங் யுக்' என்றால் நாலு லொங் இறைச்சி. அது எத்தனை கிராம்? கடைசியாக, ஈரலுக்கு அகராதிச் சொல் 'கோன்'. இவர்களோ 'யொன்' என்கிறார்கள்.

பழையசோறு எழுதியது:

முதல் சொல்லுக்குத் தமிழில் ஆயத்தமாக ஒன்று இருக்கிறது: வெஞ்சனம். சோற்றுக்குத் துணையாக வருவது எதுவானாலும் ஸுங். மீனும் ஸுங், கீரையும் ஸுங், ஒற்றைத் துண்டு ஃபூ யூ (புளிக்கவைத்த டோஃபு) இருந்தால் அதுவும் ஸுங். எழுத்தைப் பிரித்தால் ஒரு பக்கம் உணவுக் குறி, மறுபக்கம் 'அனுப்பு' என்ற எழுத்து. அந்த 'அனுப்பு' என்பதும் ஸுங் என்றே ஒலிக்கும். சோற்றைத் தொண்டைக்குள் அனுப்பிவைப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'மாய் ஸுங்' என்றால் அன்றன்றைக்குக் காய்கறி, மீன் வாங்கப் போவது.

'ஹோ ஸுங் ஃபான்' என்று ஓர் அம்மா பாராட்டினால் 'நல்ல ருசி' என்று போட்டுவிடாதீர்கள். கொஞ்சம் தொட்டுக்கொண்டாலே ஒரு கிண்ணம் சோறு இறங்கும் என்பதுதான் அதன் பொருள். உப்பும் வாடையும் தூக்கலான பண்டங்களுக்கே அந்தப் பாராட்டு கிடைக்கும்: ஹாம் யூ (கருவாடு), ஹா ஜொங் (இறால் விழுது), தவ் ஸீ (உப்பிட்டுப் புளிக்கவைத்த கறுப்புச் சோயா). விலை குறைவு, அளவும் குறைவு, சோறு மட்டும் நிறைய. இந்தச் சமையலின் சிக்கனம் அங்கேதான் இருக்கிறது. அதனால் சொற்களைத் தேடும்போது 'சிக்கனம்' என்ற தலைப்பில் தேடாமல் சோற்றைச் சுற்றித் தேடுங்கள்.

அனுப்பு என்ற ஸுங்குக்கு 'இனாமாகக் கொடு' என்ற பொருளும் உண்டு. 'ஸுங் சுங்' என்று சந்தையில் கேட்டால், கீரை வாங்கியவருக்கு வெங்காயத்தாள் கொசுறு. நம் கறிவேப்பிலைக் கொசுறு மாதிரியே.

ஹான் என்பது வினை. ஹான் தின் என்றால் மின்சாரத்தை மிச்சம் பிடிப்பது, ஹான் ஸொய் என்றால் தண்ணீரை. இது புகழ்ச்சி. கூ ஹோன் வேறு, எச்சிற்கையால் காக்கை ஓட்டாத ஆள். அங்கே 'கஞ்சம்' என்றே போடுங்கள். இரண்டுக்கும் எதிர்ப்பக்கம் 'ஸாய்', வீணாக்குவது. ஹாங்காங் அரசு 2013இல் உணவை வீணாக்காதீர் என்று தொடங்கிய இயக்கத்தின் பொம்மைக்கு 'தாய் ஸாய் க்வய்' என்றுதான் பெயர். பெரிய வீணடிப்புப் பிசாசு. கிண்ணத்தில் பருக்கை விட்டால் முகத்தில் அம்மைத் தழும்புள்ள துணைதான் வாய்க்கும் என்று பிள்ளைகளை மிரட்டுவதும் உண்டு. காணொளியில் அது வந்தால் சாபம் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள்.

'காக் யே ஸுங்' இரவைத் தாண்டிய வெஞ்சனம். அதற்கு 'பழங்கறி' போதும். 'ஃபான் ஜியு' என்பது அடிப்பிடித்த சோறு, காந்தல். வெந்நீரோ சூப்போ ஊற்றிச் சுரண்டிச் சாப்பிடுவார்கள். 'சாவ் லாங் ஃபான்', ஆறிய சோற்றை வறுப்பது. இதற்கு அரைத்த மாவையே அரைப்பது என்ற பொருளும் உண்டு, ஆகவே பேச்சில் வந்தால் சட்டி இருக்கிறதா என்று படத்தைப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

ஆவித்தட்டு எழுதியது:

பானைக்குள் தட்டு வைப்பதற்கு 'ஃபான் மின் ஜிங்' என்று பெயர். சோற்றின் முகத்தில் அவிப்பது. ஓர் அடுப்பு, ஒரு பானை, ஒரே எரிபொருள்.

வைக்கும் கட்டம்தான் எல்லாம். தண்ணீர் அரிசிமட்டத்துக்கு இறங்கி, மேற்பரப்பில் சின்னச் சின்னத் துளைகள் தெரியும் நேரத்தில் வைக்க வேண்டும். 'ஸவ் ஸொய்' என்பார்கள், தண்ணீர் உள்வாங்குவது. அதற்கு முன்னால் வைத்தால் கஞ்சி பொங்கித் தட்டுக்குள் ஏறும். பிந்தினால் மிச்ச ஈரத்தில் ஆவி போதாது, இறைச்சி நடுவில் பச்சையாக நிற்கும். தட்டு வைத்ததும் தீயைச் சிறிதாக்கி 12 நிமிடம். பிறகு அணைத்துவிட்டு மூடியைத் தொடாமல் 10 நிமிடம். அந்தப் பத்து நிமிடம்தான் 'குக்'.

குக் என்றால் மூடிய சூட்டில் வேகவிடுவது. பிரியாணிக்காரர் மொழியில் 'தம்'. கன்டோனியத்தில் காற்றில்லாத அறையையும் புழுக்கமான நாளையும் இதே சொல்லால்தான் சொல்வார்கள். நமக்குப் புழுங்கலரிசியும் புழுக்கமும் ஒரே வேரில் இருப்பது போல. ஆனால் கவனம்: ஓவனில் சுடுவதும் குக்தான். 'குக் யூ சொங்' என்று வந்தால் அது மீன்குடலை முட்டையோடு சட்டியில் இட்டு, முதலில் அவித்து, பிறகு மேல்தோல் சிவக்கச் சுடுவது. மீன் வாங்குபவர் வீசி எறியும் குடலில் செய்யும் பண்டம். குடலைக் கத்தரியால் நெடுக வெட்டி, உப்பும் மாவும் போட்டுத் தேய்த்துக் கழுவுவார்கள். இதற்கு எடுப்பது பெரும்பாலும் வான் யூ, அதாவது புல்கெண்டை. அதன் பித்தப்பை நஞ்சு, அதைச் சாப்பிட்டுச் சிறுநீரகம் செயலிழந்தவர்கள் உண்டு. காணொளியில் 'யூ தாம்' என்ற சொல் வந்தால் பித்தப்பையைப் பற்றிப் பேசுகிறார்கள். அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

சோற்றின்மேல் அவிக்க அதிகம் வருவது 'யுக் பெங்', கொத்திறைச்சி அடை. 200 கிராம் பன்றி இறைச்சி, ஏழு பங்கு சதைக்கு மூன்று பங்கு கொழுப்பு. வெளிர் சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, சர்க்கரை அரைத் தேக்கரண்டி போட்டு ஒரே திசையில் கிளறி, 3 மேசைக்கரண்டி தண்ணீரை மூன்று தவணையாக ஊற்ற வேண்டும். இறைச்சி கரண்டியில் ஒட்டி, இழுத்தால் நார் நாராக வரும் கட்டத்துக்கு 'ஹேய் காவ்' என்று பெயர், பசை எழும்புவது. உப்பில் கரைந்த இறைச்சிப் புரதம் தண்ணீரைப் பிடித்துக்கொள்வதால் வரும் பசை அது. இதற்குப் பிறகுதான் சோளமாவு 2 தேக்கரண்டி. மாவை முதலில் போட்டால் தண்ணீரை மாவே குடித்துவிடும், பசை எழாது, வெந்ததும் அடையைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்.

தட்டில் 1 செ.மீ. கனத்துக்குப் பரப்பலாம், அழுத்தக் கூடாது. அழுத்தினால் செங்கல். மெஷினில் மையாக அரைத்த இறைச்சியும் அப்படியே. அதனால்தான் 'தொக்' என்று தனியாகச் சொல்கிறார்கள், கத்தியால் பலகையில் கொத்துவது. 'அரைத்த இறைச்சி' என்று எழுதினால் அவர் சொல்லவந்ததற்கு நேர் எதிர்.

மேலே வைக்கும் கருவாட்டில் இரண்டு வகை. 'மூய் ஹொங்' என்பது உப்பிடும் முன் மீனைக் கொஞ்சம் புளிக்கவிட்டது. சதை மெத்தென்று உதிரும், வாடை தெருமுனைவரை போகும். அவிப்பதற்கு இதுதான். 'ஸத் யுக்' என்பது பிடித்த கையோடு உப்பிட்டது, சதை இறுக்கம், வில்லை போட்டுப் பொரிக்கலாம். 200 கிராம் இறைச்சிக்கு 20 முதல் 30 கிராம் கருவாடு போதும், கூடவே இஞ்சியை நூல்போல் நறுக்கித் தூவ வேண்டும். கருவாடு போட்டால் சோயா சாஸைப் பாதியாக்குங்கள். தலையையும் எறிய மாட்டார்கள். இஞ்சியோடு எண்ணெயில் வதக்கி, டோஃபு போட்டுச் சூப். சீன வகைக் கருவாட்டை உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தொட்டுக்கொள்ளும் பண்டம் தொட்டுக்கொள்ளும் அளவிலேயே இருக்கட்டும்.

எலும்புச்சாறு எழுதியது:

மூன்று வினைக்கும் ஒரே 'கொதிக்கவை' போட்டால் நேரமே தப்பாகிவிடும்.

'க்வன்' என்பது கொதித்ததும் போட்டு 10, 20 நிமிடத்தில் இறக்குவது. கீரை, முட்டை, டோஃபு, மெல்லிய இறைச்சி. வேலைநாள் சூப், எரிபொருள் மிச்சம். 'பொவ்' என்பது பானையில் 2, 3 மணிநேரம் காய்ச்சுவது. லோ ஃபோ த்ஹொங் என்று பேர்பெற்ற நெடுந்தீச் சூப் இந்த வகை. 'தன்' என்பது மூடிய பீங்கானைக் கொதிநீருக்குள் வைத்து வேகவிடுவது, இன்னும் நேரம் பிடிக்கும். 'பொவ் ஸாம் தன் ஸேய்' என்பது வாய்மொழி: பொவ்வுக்கு மூன்று, தன்னுக்கு நாலு மணிநேரம். தமிழில் நான் 'கொதிசூப்', 'காய்ச்சுசூப்', 'ஆவிச்சூப்' என்று பிரிப்பேன். கேட்கக் கொஞ்சம் செயற்கைதான், ஆனால் குழப்பாது.

எலும்பு என்றதும் 'ஃபேய் ஸொய்' வரும். சொல்லுக்குச் சொல் பறக்கும் தண்ணீர். எலும்பைப் பச்சைத் தண்ணீரில் போட்டுக் கொதி வந்து 3 முதல் 5 நிமிடம் விட்டு, தண்ணீரைக் கொட்டி, எலும்பைக் கழுவுவது. கொதிநீரில் நேராகப் போட்டால் மேற்சதை இறுகி இரத்தம் உள்ளேயே நின்றுவிடும், அப்புறம் சூப் முழுக்க அழுக்கு நுரை. 'ஸய் யொங் சோய்' (வாட்டர்கிரெஸ் கீரை) மட்டும் தண்ணீர் தளதளவென்று கொதித்த பிறகே போக வேண்டும். குளிர்ந்த தண்ணீரில் போட்டால் கசக்கும் என்பது எல்லா அம்மாக்களும் சொல்லும் வரி. உப்பு கடைசியில்.

தலைப்பில் 'ஜா' என்று போட்டிருக்கிறீர்கள், கேள்வியில் காணோமே. சக்கை என்று பொருள். 'த்ஹொங் ஜா' என்பது சூப் காய்ச்சியபின் அடியில் நிற்கும் எலும்பு, கிழங்கு, இறைச்சி. அதைத் தட்டில் அள்ளி, சோயா சாஸ் தொட்டுக்கொண்டால் அதுவே ஒரு ஸுங். 'எச்சம்', 'கழிவு' என்று எழுதிவிடாதீர்கள். 'ஜ்யூ யவ் ஜா' பன்றிக்கொழுப்பு உருக்கியபின் நிற்கும் வறுகல். 300 கிராம் கொழுப்பைச் சதுரமாக நறுக்கி, 4 மேசைக்கரண்டி தண்ணீரோடு சிறுதீயில் வைப்பார்கள். தண்ணீர் வற்றும் முன்பே கொழுப்பு ஒழுகத் தொடங்கிவிடும், அதனால் அடி கருகாது. தீ கூடினால் நெய் மஞ்சளித்துப் புகைவாடை வரும். சரியாக உருக்கியது ஆறியதும் வெள்ளையாக உறையும். சுடுசோற்றில் ஒரு கரண்டி அந்த நெய்யும் சோயா சாஸும் பிசைந்தால் 'ஜ்யூ யவ் லோவ் ஃபான்'. நெய்ச்சோறுதான். ஜாவைக் கீரைப் பொரியலில் போட்டுவிடுவார்கள்.

லொங் கணக்கில் ஊர் பார்க்க வேண்டும். ஹாங்காங்கில் 1 கன் 604.79 கிராம், அதில் 16 லொங், ஆக ஒரு லொங் 37.8 கிராம். குவாங்ஜோவ் பக்கத்துச் சந்தையில் 1 கன் 500 கிராம், 10 லொங், லொங்குக்கு 50. நாலு லொங் இறைச்சி ஹாங்காங் அம்மாவுக்கு 151 கிராம், குவாங்ஜோவ் அம்மாவுக்கு 200. உங்கள் காணொளி ஹாங்காங் என்பதால் '150 கிராம்' போடுங்கள். இதைக் குழப்பினால் உப்புதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

துணையுரை_மேசை எழுதியது:

மிக்க நன்றி எல்லாருக்கும். வெஞ்சனம் எங்கள் குழுவில் பாதிப் பேருக்குப் புரியவில்லை, தென்மாவட்டத்தாருக்கு மட்டும் தெரிகிறது. 'தொட்டுக்க' என்று போட்டால் கெடுமா?

இன்னொன்று. முட்டை அவிக்கும் காணொளியில் 'துங் க்வன் ஸொய்' என்கிறார். ஆங்கில உரையில் 'குளிர்ந்த கொதிநீர்' என்று இருக்கிறது, பிழையோ என்று விட்டுவைத்தோம். கூடவே 'வாத்', 'லோவ்' என்று இரண்டு சொல்.

ஆவித்தட்டு எழுதியது:

பிழை இல்லை. கொதிக்கவைத்து ஆறவைத்த தண்ணீர், அவ்வளவுதான். 'ஜிங் ஸொய் தான்' என்ற அந்த முட்டைக்கு அதுதான் அடிப்படை. பச்சைக் குழாய்த் தண்ணீரில் காற்று கரைந்திருக்கும், சூடேறும்போது அது குமிழாக வெளியேறி முட்டையைத் தேன்கூடாக்கும். கொதித்த தண்ணீரில் அந்தக் காற்று போயிருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கலாம், அதற்குமேல் சூடு வேண்டாம், முட்டை திரியும்.

அளவுக்குக் கோப்பை தேட மாட்டார்கள், முட்டை ஓடுதான் கோப்பை. ஒரு முட்டைக்கு அரை ஓட்டால் மூன்று முறை தண்ணீர், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை. மூன்று முட்டைக்கு ஏறக்குறைய 225 மி.லி. வரும். உப்பு கால் தேக்கரண்டி. நுரை எழாமல் கலக்கி, வடிகட்டி, மேலே நிற்கும் குமிழைக் கரண்டியால் எடுத்துவிட்டு, கிண்ணத்தை இன்னொரு தட்டால் மூட வேண்டும். மூடாவிட்டால் பெரிய மூடியிலிருந்து சொட்டும் நீர் முகத்தைக் குழியாக்கும். சிறுதீ, 10 நிமிடம். கிண்ணத்தை அசைத்தால் நடு மட்டும் தயிர்போல் ஆட வேண்டும், அப்போது அணைத்து 3 நிமிடம் குக்.

வாத் என்பது பறவை இல்லை, வழுவழுப்பு. முட்டைக்கும் டோஃபுவுக்கும் கிடைக்கும் உச்சப் பாராட்டு. லோவ் என்றால் கிழடு. அதிகம் வெந்து முற்றிப்போனது. தமிழிலும் காய் 'முற்றிப்போச்சு' என்போம், அதையே போடலாம். 'ஸொங்' என்று வந்தால் கடித்தால் நறுக்கென்று விட்டுக்கொடுப்பது, 'ஹாய்' என்றால் நாக்கில் சொரசொரப்பாக உலர்ந்தது. இந்த ஹாய்க்கு வணக்கம் போட்டுத் தொலைக்காதீர்கள்.

பழையசோறு எழுதியது:

'தொட்டுக்க' நன்றாகவே பொருந்தும். 'மாய் ஸுங்' வரும் இடத்தில் மட்டும் அது நொண்டும், அங்கே 'காய்கறி வாங்க' என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

நுனிநாக்கு எழுதியது:

ஈரலை யாரும் தொடவில்லையே. 'கோன்' என்ற ஈரல் 'வறண்ட' என்ற சொல்லோடு அச்சாக ஒத்து ஒலிக்கும். கன்டோனியப் பேச்சில் ஸொய், அதாவது தண்ணீர், பணத்துக்கும் பெயர். வறண்டுபோனால் கை காலி. ஆகவே ஈரலுக்கு 'யொன்' என்று 'ஈரம்' பொருள்படும் பெயர். நாக்கு 'ஸித்' நட்டத்தோடு ஒலிப்பதால் 'லெய்', இலாபம். பீர்க்கங்காயின் 'ஸீ' தோல்வியைக் குறிக்கும் சொல்லை ஒத்திருப்பதால் 'ஸிங் க்வா', வெற்றிக்காய். பாகற்காய் கசப்பு என்று சொல்லாமல் 'லொங் க்வா', குளிர்காய். வள்ளைக்கீரையின் நடு வெறுமை, அந்த வெறுமை 'ஹுங்' அமங்கலத்தோடு ஒலிப்பதால் 'த்ஹுங் சோய்', வழிவிடும் கீரை. பன்றி இரத்தம் 'ஜ்யூ ஹுங்', சிவப்பு. நம் இலக்கணத்தில் மங்கலம் என்று சொல்வதேதான், விளக்கை அணைக்கச் சொல்லாமல் குளிரவைக்கச் சொல்வோமே. துணையுரையில் ஈரல், நாக்கு, பீர்க்கங்காய் என்று நேராகவே போடுங்கள். 'வெற்றிக்காய்' என்று எழுதினால் பார்ப்பவர் கடையில் போய்த் தேடுவார்.

இந்த இழையில் ஒலிபெயர்ப்பு நன்றாகவே இருக்கிறது. ஜ, ஸ, ச மூன்றையும் பிரித்தது சரி. தமிழ்ச் சொல்லின் முதலில் வரும் க, த, ப மூச்சில்லாதவை, கன்டோனியத்தின் ஒரு வரிசைக்கு அப்படியே பொருந்தும். மூச்சு உள்ள வரிசைக்குத்தான் த்ஹ போன்ற ஒட்டு தேவை. ஹாங்காங் மொழியியல் கழகம் 1993இல் வகுத்த யூத்பிங் எழுத்துமுறையை அருகில் வைத்துக்கொண்டால் எந்த வரிசை என்று தடுமாற வேண்டாம். 'குக்', 'வாத்' ஆகியவற்றின் கடைசி மெய்யை வெடிக்கவிடாமல் வாய்க்குள்ளேயே நிறுத்த வேண்டும், நம் பழக்கத்தில் குக்கு, வாத்து ஆகிவிடும். ஆறு தொனிகளைத் தமிழ் எழுத்து காட்டாது. த்ஹொங் என்பதை உயரமாக நீட்டினால் சூப், தாழ்த்தி இறக்கினால் சர்க்கரை. மேலே சொன்ன 'வெறுமை' ஹுங்கும் 'சிவப்பு' ஹுங்கும் அப்படித்தான் பிரிகின்றன. குரல் பதிவு சேர்ப்பதாக இருந்தால் இந்த இரண்டு சோடியை மட்டுமாவது கன்டோனியம் பேசுகிற ஒருவரிடம் கேட்டுச் சரிபார்த்துவிடுங்கள்.

துணையுரை_மேசை எழுதியது:

குரல் பதிவு இல்லை, எழுத்து மட்டும்தான். 12ஆம் காணொளியில் 'யொன்' என்பதை ஏற்கெனவே 'ஈரப்பதம்' என்று போட்டுவிட்டோம், இன்றே மாற்றுகிறேன்.